விழாத கோல்

‘மைதான்’ படத்தை ஓடிடியில் இரண்டாவது தடவை பார்த்தபோது, இறுதிப் போட்டி வந்ததும் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். நிறுத்தி நிறுத்தி ஒரே ஒரு விஷயத்தைத் தேடினேன்: இந்தியாவின் பின்வரிசை எங்கே நிற்கிறது? பந்து தெரிகிறது, வியர்வை தெரிகிறது, ஷூவில் ஒட்டிய சேறுகூடத் தெரிகிறது. ஆனால் பின்னால் நிற்பவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகரும் அந்தக் கோடு, கண்ணில் தங்கும் அளவுக்கு ஒரு ஷாட்டிலும் நிற்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, படம் மோசமில்லை. அமித் சர்மா இயக்கி 2024 ஏப்ரலில் வந்தது. சையத் அப்துல் ரஹீமாக அஜய் தேவ்கன், இசை ஏ.ஆர். ரஹ்மான், நீளம் மூன்று மணி நேரம். இந்தியக் கால்பந்தை இவ்வளவு நெருக்கத்தில் யாரும் எடுத்ததில்லை. என் புகாரே அந்த நெருக்கம் பற்றித்தான். கேமரா பந்தோடு ஓடுகிறது. தடுப்பாட்டம் என்பது பந்து இல்லாத இடத்தில் நடப்பது.

ரஹீமை யாரும் டிஃபென்ஸ் கோச் என்று அழைத்ததில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் அவர்கள் ஆடும் அந்த இன்னொரு ஃபுட்பாலில், தடுப்புக்கென்றே தனிப் பயிற்சியாளர் உண்டு. பல பேருடைய மொத்தத் தொழில் வாழ்க்கையே அந்தப் பதவியில் முடிந்துவிடும். நம்மூரில் அதற்கெல்லாம் ஏது வசதி, ஒரே ஆள்தான் எல்லாம். இருந்தாலும் ரஹீமின் பத்து வருடங்களைத் தடுப்பாட்டத்தின் கதையாகப் படித்தால்தான் அது ஒழுங்காகப் புரிகிறது என்று நினைக்கிறேன்.

1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். படம் தொடங்குவது இந்தத் தோல்வியில்தான். 1956, மெல்போர்ன். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்ததே நாம்தான், பிறகு 4-1 என்று தோற்றோம். வழக்கமாக இதை ‘இரண்டு தோல்விகள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டிலும் நாம் அடித்தது ஒரு கோல்தான். வாங்கியதுதான் பத்திலிருந்து நான்காக இறங்கியது. 1960 ரோமில் ஹங்கேரியிடம் 2-1 என்று தோல்வி, பிரான்ஸோடு 1-1, பெருவிடம் 3-1 என்று தோல்வி. ஒரு ஜெயிப்பும் இல்லை. ஆனால் எட்டு வருடத்துக்கு முன்னால் பத்து வாங்கிய அணியின் ஸ்கோர்களா இவை?

இடையில் என்ன நடந்தது? பூட்ஸ் வந்தது, அது ஒரு காரணம். பின்னால் இரண்டே பேரை நிறுத்தும் பழைய வரிசை போய், பின்வரிசையில் ஆள் கூடியது. இவற்றைவிட எனக்குப் பிடித்தது ரஹீம் ஹைதராபாத்தில் நடத்திய விநோதமான பந்தயங்கள். டிரிபிள் செய்யவே கூடாது என்று ஒரு போட்டி. பழகிய காலை விட்டு மற்றக் காலால் மட்டும் ஆட வேண்டும் என்று ஒன்று. கேட்டால் இதெல்லாம் தாக்குதலுக்கான பயிற்சி மாதிரி இருக்கும். யோசித்துப் பாருங்கள்: நடுக்களத்தில் ஒருவன் நாலு பேரைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று பந்தைத் தொலைக்கும் அந்த நொடியில்தான் பின்வரிசை திறந்து கிடக்கும். தொலைக்காமல் இருக்கப் பழக்குவதும் தடுப்புதான். ரஹீம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், உடற்கல்வி படித்தவர். எங்கள் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருப்பதால் இந்த ரகத்தை நான் நன்றாக அறிவேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பசங்க வெறுக்கிற ஒரு பயிற்சியை மாசக்கணக்கில் அலுக்காமல் செய்ய வைப்பவர்கள். படத்தின் ரஹீம் இந்த மனிதர் இல்லை. அவர் சங்கத்து அரசியலோடும் பத்திரிகைக்காரரோடும் தன் நோயோடும் போராடுகிறார். பயிற்சி என்பது அங்கே பாட்டுக்கு நடுவில் வரும் காட்சித் துண்டுகள்.

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ஆசியாவின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் அவர். அவரை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதிப் போட்டியில் மறுபடியும் தென்கொரியா. 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, 20ஆவது நிமிடத்தில் கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல். 2-0.

இதைச் சொல்லாத இந்தியக் கால்பந்துக் கட்டுரையே கிடையாது. எல்லோரும் இதைத் தாக்குதலின் துணிச்சலாகத்தான் சொல்கிறார்கள். உங்கள் சிறந்த தடுப்பாளரை முன்னால் அனுப்பிவிட்டால் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஜர்னைல் விட்டுப்போன நடு இடத்தில் அருண் கோஷ் நின்றார். பக்கங்களில் சந்திரசேகரும் திரிலோக் சிங்கும். கோலில் பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமெண்டிலிருந்து வந்த நம்ம ஆள். ஒரு ஆணியைப் பிடுங்கினாலும் கதவு நிற்கும் என்று ரஹீமுக்குத் தெரிந்திருந்தது. அப்படி நிற்கிற கதவைச் செய்ததுதான் அவருடைய பத்து வருடம்.

இரண்டாவது கோலுக்கும் கொரியாவின் ஒரே கோலுக்கும் நடுவே 65 நிமிடம் இருக்கிறது. கொரியா அடித்தது 85ஆவது நிமிடத்தில். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நமக்கு எதிராகக் கத்தும் மைதானத்தில், ஏற்கெனவே நம்மைத் தோற்கடித்த அணி 65 நிமிடம் முட்டி மோதியும் கோல் விழவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த இறுதிப் போட்டியே இதுதான். திரைக்கதை என்கிற இயந்திரத்துக்கோ இதை மெல்லத் தெரியாது. ஒன்று நடந்தால் காட்டலாம். நடக்காமல் இருந்ததை எப்படிக் காட்டுவது? அதனால் முகங்களுக்கு வெட்டுகிறார்கள், வர்ணனையாளரைப் பேசவிடுகிறார்கள், இசையை ஏற்றுகிறார்கள்.

முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ‘சக் தே இந்தியா’வின் கடைசி வெற்றி ஒரு கோல் அல்ல, கோல்கீப்பர் தடுத்த ஒரு அடி. அதுவும் பெனால்டி என்பதால் தடுப்பது ஒரு ‘நிகழ்ச்சி’யாகிவிட்டது என்பது உண்மைதான்.

கபடியில் இந்தச் சிக்கல் இல்லை. சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் டியூப் லைட் கட்டி ராத்திரி கபடி பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாடி வருபவனுக்கு விழுகிற கைதட்டலைவிட அவனைக் காலைப் பிடித்துக் கவிழ்ப்பவனுக்கு அதிகம் விழும். காரணம் எளிது, பிடிக்குப் புள்ளி உண்டு. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் நின்று பிடித்தால் புரோ கபடியில் இரண்டு புள்ளி. அதனால்தான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் மாதிரி ஒரு பிடிகாரர் நாற்பது வயதைத் தாண்டியும் நாயகனாக இருக்க முடிந்தது. 2016 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். கால்பந்தின் கணக்குப் புத்தகத்தில் தடுத்தவன் பத்தியே கிடையாது.

நான் வேலை செய்யும் இடத்தில் சர்வர் விழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நன்றாகச் செய்த வருடத்தில் அப்ரைசல் படிவத்தில் எழுத ஒன்றுமே இருக்காது. அதனால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இன்ஜினியரிங் படிக்கும்போது கல்லூரி அணியில் ஸ்டாப்பராக ஆடினேன். ஒரு மேட்ச் முடிந்ததும் பி.டி. சார் தண்ணீர் பாட்டிலை நீட்டிச் சொன்னார்: “இன்னைக்கு நீ எங்க நின்னேன்னே எனக்குத் தெரியலடா. ரொம்ப நல்லா ஆடுன.” ஒரு தடுப்பாளனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் பத்து வருட உழைப்பைப் பற்றி மூன்று மணி நேரம் பேச வந்த படம் இதையே செய்தால் அது பாராட்டு ஆகாது.

ரஹீம் 1963 ஜூனில் புற்றுநோயால் இறந்தார், ஜகார்த்தா முடிந்து ஒன்பது மாதம்தான். படம் அந்த நோயைக் கடைசி வரை கைக்குட்டையிலும் இருமலிலும் கவனமாகக் காட்டுகிறது. அருண் கோஷ் பின்னாளில் தானும் இந்திய அணிக்குப் பயிற்சியாளரானார். படம் பார்த்த நண்பர்கள் ஏழெட்டுப் பேரிடம் ஜர்னைல் முன்னால் போனதும் அந்த இடத்தில் நின்றது யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.