சிரிப்பு சாட்சியாகாது

2019 மே 8 அன்று வானொலித் தொகுப்பாளர் டேனி பேக்கர் ட்விட்டரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பகிர்ந்தார். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு கோட்டும் தொப்பியும் அணிந்த ஒரு சிம்பன்ஸி. அரச குழந்தை மருத்துவமனையை விட்டுப் புறப்படுகிறது என்று ஒரு குறிப்பு. இரண்டு நாள் முன்புதான் ஹாரிக்கும் மேகனுக்கும் ஆர்ச்சி பிறந்திருந்தான். மேகனின் தாய் ஆப்பிரிக்க அமெரிக்கர். மறுநாள் பிபிசி ரேடியோ 5 லைவ் பேக்கரை வேலையிலிருந்து நீக்கியது.

பேக்கர் படத்தை அழித்தார், மன்னிப்பும் கேட்டார். உயர்குடியினரைச் சர்க்கஸ் விலங்கோடு ஒப்பிட்ட கிண்டல்தான் அது, நிறத்தைப் பற்றியதல்ல என்றார். அவர் மனத்தில் இனவெறி இருந்ததா இல்லையா என்ற கேள்வியிலேயே விவாதம் சுற்றிச் சுற்றி வந்தது. கவிதையையோ கதையையோ எழுதியவரின் நோக்கத்தை மட்டும் வைத்து வாசிப்பதை நாம் எப்போதோ விட்டுவிட்டோம். நகைச்சுவைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமே துன்புறுத்தலை வரையறுக்கும்போது நோக்கத்தோடு நிற்பதில்லை, விளைவையும் கேட்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்தச் சொற்களில் சொன்னால், பேக்கர் தன் செயலைப் பேதைமைக் கணக்கில் எழுதச் சொன்னார். பார்த்தவர்கள் எள்ளல் கணக்கில் எழுதினார்கள். நான் இரண்டாமவர்கள் பக்கம். 1991இல் தொடங்கிய 606 என்ற கால்பந்து நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர் பேக்கர். கறுப்பின வீரர்களை நோக்கிக் குரங்குச் சத்தம் எழுப்பிய பார்வையாளர் வரிசைகளை அறிந்த தலைமுறை. 1988இல் தன்மேல் வீசப்பட்ட வாழைப்பழத்தை ஜான் பார்ன்ஸ் குதிகாலால் தட்டிவிடும் புகைப்படம் அந்த விளையாட்டின் வரலாற்றில் இருக்கிறது. சொல்லும் குறிப்பும் தொழிலாகக் கொண்டவருக்குப் பேதைமை நல்ல வழக்கறிஞர் அல்ல.

வேடிக்கைக்கெல்லாம் வேலை போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2010இல் பனியால் விமான நிலையம் மூடப்பட்ட எரிச்சலில், அதைத் தகர்த்துவிடுவேன் என்று ட்விட்டரில் எழுதிய ஓர் இளைஞர் குற்றவாளியாக்கப்பட்டார், வேலையையும் இழந்தார். 2012 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த வேடிக்கையில் எள்ளப்பட்ட மனிதர் எவருமில்லை. பேக்கரின் படத்தில் பிறந்து இரண்டு நாளான ஒரு குழந்தை இருந்தது.

ஆனால் வேலைநீக்கம் ஒருவரை வெளியே அனுப்புகிறதே தவிர, அவரோடு சேர்ந்து எழுந்த சிரிப்பைத் தொடுவதில்லை. அலுவலகங்களில் இத்தகைய புகார் வந்ததும் முதலில் எழும் பதில், 'எல்லோரும்தானே சிரித்தார்கள்' என்பது. உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தானே சிரிப்பது இன்னொன்று. லண்டன் அலுவலகங்களில் நான் அதிகம் பார்த்தது அந்த இரண்டாவதைத்தான். உச்சரிப்பைப் பற்றியோ மதிய உணவின் வாசனையைப் பற்றியோ யாரோ ஏதோ சொல்ல, நம்மவர் முதல் ஆளாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் விசாவும் இருக்கும், ஒப்பந்தப் புதுப்பிப்பும் இருக்கும். பிறகு அதே சிரிப்பு எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து நிற்கும்.

இதை வெள்ளைக்காரர்களின் குறையாக மட்டும் எழுதி முடிப்பது எளிது. நம் வாட்ஸப் குழுக்களில் நிறத்தையும் சாதியையும் வைத்து வரும் துணுக்குகளின் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுகின்றன. அவற்றில் எத்தனை முதல் வகை, எத்தனை இரண்டாம் வகை என்று பேராசிரியர் கேட்டிருப்பார்.