கலைத்தல் என்றொரு வினைச்சொல்

பசுவந்தனையில் மழை ஏமாற்றும்போது அம்மா சொல்வாள்: "மேகம் கலைஞ்சு போச்சு." கரிசல்காட்டில் அதைவிடத் துயரமான வாக்கியம் குறைவு. அதே வினைச்சொல்லைச் சட்டப் புத்தகத்தில் பார்த்தபோது திடுக்கென்றிருந்தது.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவுகள் 129 முதல் 132 வரை. சட்டவிரோதக் கூட்டத்தை முதலில் போலீஸ் கலைக்கலாம். அப்படியும் கலையவில்லை, பொதுப் பாதுகாப்புக்குக் கலைத்தே ஆக வேண்டும் என்றால், 'அங்கே இருக்கும்' நிர்வாக நடுவர்களில் உயர்ந்தவர் ராணுவத்தைக் கொண்டு கலைக்கச் செய்யலாம். நடுவரைத் தொடர்புகொள்ளவே முடியாவிட்டால் ராணுவ அதிகாரி தானே இறங்கலாம். பின்னால் ராணுவத்தினர் மேல் வழக்குப் போட மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

இலக்கியப் பிரதி போல வாசித்தால் இது தேர்ந்த உரைநடை. பயமே அதுதான். நான்கு பிரிவுகளிலும் 'சுடுதல்' இல்லை, 'சாவு' இல்லை. எவ்வளவு பலம் பிரயோகிக்கலாம்? கலைப்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த அளவு. ஆக, மொத்தப் பாரமும் அந்த ஒரே வினைச்சொல் மேல். நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். லூப் எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். இங்கே அது நிற்க வேண்டிய இடம், கூட்டம் கலைந்த கணம்.

2018 மே 22, தூத்துக்குடி, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் பேரணி. சுட்டது ராணுவம் இல்லை, போலீஸ். ஆனால் இரண்டுக்கும் சட்டத்தில் வினைச்சொல் ஒன்றே. அன்றும் மறுநாளுமாக 13 உயிர்கள். தப்பி ஓடியவர்கள் மேலும் சுட்டார்கள் என்றது அருணா ஜெகதீசன் ஆணையம். ஓடுகிறவன் ஏற்கெனவே கலைந்தவன்தானே! அவனை இன்னும் எதிலிருந்து கலைப்பது?

இன்னொரு சொல், 'அங்கே இருக்கும்'. சுட உத்தரவிட்டதாக முதல் தகவல் அறிக்கைகளில் இருந்தவர்கள் துணை வட்டாட்சியர்கள். கலெக்டர் அன்று இருந்தது எங்கள் கோவில்பட்டியில். ஆணையம் அதையும் குறை சொன்னது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 149ஆம் பிரிவில், ராணுவத்தைக் கூப்பிடுகிறவர் மாவட்ட நடுவராகவோ அவர் அதிகாரம் கொடுத்தவராகவோ இருக்க வேண்டும். நல்ல திருத்தம்தான், யார் கூப்பிட்டது என்று கேட்டால் கைகாட்ட ஒரு ஆளாவது இருப்பார். வினைச்சொல்லை மட்டும் யாரும் தொடவில்லை. வெள்ளைக்காரனின் 1898 சட்டத்தில் இருந்ததுபோலவே இருக்கிறது.