அப்பமும் அசனமும்

சோறு தின்று வளர்ந்தவர்களிடம் இயேசு தம்மை ரொட்டிக்கு ஒப்பிட்டதை எப்படிச் சொல்வது? யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தைத் தமிழாக்கியவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ஐயாயிரம் பேரின் பசியாற்றிய வாற்கோதுமை ரொட்டி பழைய வேதாகமத்தில் 'அப்பம்' ஆனது. கிறிஸ்து 'ஜீவ அப்பம்' ஆனார். நம் வீடுகளில் அப்பம் பலகாரம். வயிறு காய்ந்தவன் கேட்பது அதையல்ல. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'ஜீவ அப்பம்' வரும் இடத்தில் 'உணவு' என்றே எழுதிவிட்டது. பொருள் தெளிந்தது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஜெபத்தில் புழங்கிய 'ஜீவ அப்பம்' என்ற சொல்லை விசுவாசிகள் விட்டுவிடவில்லை.

ஆன்மப் பசிக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்த ருசியில் உணவு தேடிய கதை நீண்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, அங்கேயே 1714-15இல் அச்சேறியது. படிக்க வேதம் கிடைத்தது. பாடுவதற்கோ ஜெர்மன் மெட்டுகள். பின்னால் வந்த மிஷனரி பப்ரிசியுஸ் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளில் பக்தி உண்டு, உருக்கமும் உண்டு. ஆனால் தமிழ்ச் சொல் அந்த மெட்டுக்குள் ஒடுங்கி உட்கார வேண்டியிருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முதலில் நிற்பவர் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். சரபோஜி மன்னரும் அதே குருவின் மாணவர். 1800இல் சாஸ்திரியார் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி' துணிச்சலான படைப்பு. உலா வரும் தலைவனைக் கண்டு சோறும் தூக்கமும் மறந்து தவிப்பது குறவஞ்சித் தலைவியின் இயல்பு. சாஸ்திரியார் அந்தத் தலைவியைத் திருச்சபையாக்கினார், தலைவனைக் கிறிஸ்துவாக்கினார். கடவுளுக்காக ஏங்கும் ஆன்மாவைச் சொல்ல, தமிழ் மேடை ஏற்கெனவே அறிந்திருந்த ஏக்கமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ராகமும் தாளமும் கொண்ட அவருடைய கீர்த்தனைகள் வீட்டு ஜெபங்களுக்குள் புகுந்தன. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்டு வெப் தொகுத்து அச்சிட்ட கீர்த்தனை நூலிலும் அவருடைய பாடல்கள் இடம்பெற்றன.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) பசி வேறு மாதிரியானது. நெல்லைச் சீமையின் கரையிருப்பில், கம்பராமாயணம் ஒலித்த வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்து மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். நம்பிக்கை மாறியது, கம்பன் ஊட்டிய தமிழ் மாறவில்லை. ஜான் பனியன் ஆங்கிலத்தில் உரைநடையாக எழுதிய 'மோட்சப் பிரயாணம்' அவர் கையில் விருத்தப் பாக்களாலான காப்பியமாயிற்று: 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்'. காப்பியத்தின் நடுவே தேவாரம் என்றே பெயரிட்டுப் பதிகங்களை வைத்திருக்கிறார். இதை வெறும் தழுவல் என்று தள்ளுவது அநியாயம். கதைப்போக்கு பனியனுடையது; உருகும் நெஞ்சு ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் கேட்டுப் பழகியது. அவருடைய பாடல்கள் இன்றும் ஆராதனையில் ஒலிக்கின்றன.

ஏட்டுக்கு வெளியிலும் இந்தத் தேடல் இருக்கிறது. கத்தோலிக்கர் தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பார்கள். சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்களில் உபவாச ஜெபம் நடத்துவார்கள். பசித்திருந்து பசியாறும் பழக்கம் இரு பக்கமும் உண்டு. நற்கருணை, திருவிருந்து, இராப்போஜனம் என்று ஒரே பந்திக்கு எத்தனை பெயர்கள்!

நெல்லை, தூத்துக்குடி வட்டாரச் சபைகளில் கோயில் பண்டிகையோடு 'அசனம்' நடக்கும். ஊரார் கொடுத்த அரிசியும் பணமும் பெரிய அண்டாக்களில் சோறாகவும் கறிக்குழம்பாகவும் மாறும். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்கள் அப்படியே பந்தியில் உட்காருவார்கள். திருவிருந்தில் விரல்நுனி அளவு அப்பத்தைக் கைநீட்டி வாங்கியவரே இங்கே குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறுவார். எழுந்து வர முடியாத பாட்டிக்குத் தூக்குவாளியில் சோறு வீட்டுக்குப் போகும்.