பின்னூட்டக் கோட்பாடும் ஏரிப் பாசனமும்: வீனரின் சிற்றூர்க் கருத்து குறித்த ஒரு மதிப்பீடு

நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட ‘சைபர்நெட்டிக்ஸ்’ நூல், விலங்கிலும் எந்திரத்திலும் நிகழும் கட்டுப்பாட்டையும் செய்தித் தொடர்பையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தது. (தலைப்பின் கிரேக்க வேர்ச்சொல் சுக்கான் பிடிப்பவனைச் சுட்டும், தமிழ் அவனை மீகாமன் என்றது.) விளைவை அளந்து, இலக்கிலிருந்து விலகிய அளவுக்கேற்பச் செயலைத் திருத்துவதே பின்னூட்டம். இதைச் சமூகத்துக்குப் பொருத்துகையில் வீனர் தயங்குகிறார். பெருஞ்சமூகங்களில் தற்சீரமைவு அரிது. நெருங்கி வாழும் சிறு சமூகங்களில் அது கணிசமாக உண்டு என்கிறார். இதன் பிற்பகுதியை ஏரிப் பாசனம் கேள்விக்குள்ளாக்குகிறது.

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, ரிஷிவந்தியம் போன்ற சமவெளி வட்டாரங்களில் ஏரி வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்பது. நீர்க்கட்டி, மடையன் எனப் பல பெயர் பெற்ற பாசனப் பணியாளர் நீர்மட்டத்தைக் கண்டு மடையைத் திறக்கிறார். கடைமடை வயல் நனைந்ததா எனப் பார்த்து அடைக்கிறார். அளவியும் இயக்கியும் அவரே. கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் கலங்கலில் சிக்கல் தொடங்குகிறது. அதன்மேல் நட்ட கற்களுக்கிடையே மண்ணும் வைக்கோலும் அடைத்தால் ஏரியின் கொள்ளளவு கூடும். உள்வாய் நிலம் மூழ்கும், அடுத்த ஏரிக்குச் செல்லும் மிகைநீர் குறையும். மட்டம் எது என்பதை நீரியல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

நீர்க்கட்டி பல ஊர்களில் நிலமற்ற தலித் சாதியைச் சேர்ந்தவர். அளவு அவர் கண்ணிலிருந்து வருகிறது, விதி வேறொருவருடையது. தென் தமிழக ஏரிகளை ஆய்ந்த டேவிட் மோஸ், 2003ஆம் ஆண்டு நூலில், நீர்ப் பகிர்வு சாதிப் படிநிலையோடும் அதிகாரத்தோடும் பிணைந்திருந்ததைக் காட்டுகிறார். செல்வர் பசியிலிருந்தும் ஊர்ப்பேச்சிலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்வதை வீனரும் அறிவார். ஆயினும் அக்காப்பைப் பெருஞ்சமூகத்தின் குறையாகவே கருதினார். சிற்றூரில் அதே காப்பைச் சாதி வழங்குகிறது என்பது அவர் பார்வைக்கு எட்டவில்லை.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) இங்கு ஒப்பிடத்தக்கது. ஏரி வாரியம் முதலிய வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலையில் இடம்பெற இயலாது. பின்னூட்டம் இங்கு அதிகாரத்தில் இருப்பவரையே தொடுகிறது. அவ்வகையில் இது வீனரின் சிற்றூரைவிடக் கூர்மையான ஏற்பாடு. எனினும் வாரியத்துக்குரிய தகுதி நிலவுடைமையையும் வேதக் கல்வியையும் சார்ந்திருந்தது. மடை திறந்தவரின் சொல் அந்தக் குடத்துக்குள் விழ வழியில்லை.