கோட் 43: பழி கார்டு மேல், குற்றம் எங்கே?

கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் அப்டேட் பாதியில் சொதப்பினால், ரெசல்யூஷன் இறங்கி ஐகான் எல்லாம் பெரிசு பெரிசாய்த் தெரியும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கார்டு பெயர் மேல் ஒரு மஞ்சள் முக்கோணம். டபுள் கிளிக் பண்ணினால் பல நேரம் கிடைப்பது ஒரே ஒரு வரி: இந்தச் சாதனம் கோளாறுகளைத் தெரிவித்ததால் விண்டோஸ் இதை நிறுத்திவிட்டது, கோட் 43.

இந்த வரியைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். புத்தகத்தை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். எர்ரர் மெசேஜையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஜனங்கள் கைக்காசைச் செலவு பண்ணுகிறார்கள். அப்படிப்பட்ட எழுத்தை யாரும் எழுத்தாக எடுத்துப் படிப்பதில்லை.

முதலில் எழுவாயைப் பாருங்கள். தெரிவித்தது யார்? "சாதனம்" என்கிறது வரி. ஆனால் மைக்ரோசாஃப்ட் டெவலப்பர்களுக்காக வைத்திருக்கும் ஆவணத்தில் இதே கோட் 43-க்கு விளக்கம் வேறு மாதிரி இருக்கிறது: சாதனத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர்களில் ஒன்று, சாதனம் ஏதோ ஒரு வகையில் பழுதாகிவிட்டது என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லியிருக்கிறது. அதாவது கார்டு வாயே திறக்கவில்லை. கார்டு சார்பாகப் பேசியது டிரைவர். நேற்று ராத்திரி புதிதாக ஏறிய அந்த டிரைவரே கோளாறு என்றால்? அதற்கு இந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

கார்டு முழு ஆரோக்கியமாக இருக்கும்போதும் கோட் 43 வரும் என்பதற்குப் பலமான உதாரணம் ஒன்று உண்டு. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டை ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்து உள்ளே விண்டோஸை ஓட்டினால், டிரைவர் அதை மோப்பம் பிடித்து வேலை செய்ய மறுத்துவிடும். திரையில் வருவது இதே கோட் 43. பல வருஷம் இப்படித்தான் இருந்தது. 2021 மார்ச்சில், 465 வரிசை டிரைவரில்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். அதே கார்டு, அதே ஸ்லாட். டிரைவரை மாற்றியதும் 'பழுது' சரியாகிவிட்டது!

டிரைவர்மேல் சந்தேகப்பட வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 'விஸ்டா கேப்பபிள்' வழக்கில் 2008-ல் வெளியே வந்த மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்களில் ஒரு கணக்கு உண்டு. 2007-ல் பதிவான விஸ்டா கிராஷ்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை. மைக்ரோசாஃப்டின் சொந்தப் பங்கு 17.9 சதவீதம். என்விடியா கார்டுகள் அப்போது நிறைய பேரிடம் இருந்தன, அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இருந்தாலும் டிரைவர் என்பது சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட சாட்சி இல்லை என்பதற்கு இது போதும்.

இதெல்லாம் பொழுதுபோகாத ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். தஞ்சாவூரில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணும் நண்பர் ஒருவர். ஆவணி முகூர்த்த நேரம், தலைக்குமேல் வேலை. அப்டேட் ஆன மறுநாள் காலையில் மஞ்சள் முக்கோணம். கடைக்குக் கொண்டுபோனார். "கார்டு போயிடுச்சு சார், வேற வாங்கிடுங்க" என்று ஒரே நிமிஷத்தில் தீர்ப்பு. என்ன கார்டு, எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை. பழைய டிரைவரைத் திரும்பப் போட்டதும் அதே கார்டு இன்றுவரை ஓடுகிறது.

கடைக்காரரை நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்குவது சகஜம். சித்திரை வெயில், அறுவடை நேரத்துத் தூசு, இதிலெல்லாம் கார்டு நிஜமாகவே போகும். தினமும் அதையே பார்க்கிறவர் அதைத்தான் முதலில் நினைப்பார். மெசேஜும் "சாதனம்தான்" என்று கூடவே தலையாட்டினால் அவர் வேறு என்ன செய்வார்?

கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா டெல்டா விவசாயி உடனே ஆறு வத்திப்போச்சுன்னு சொல்ல மாட்டார். வயல் மடையிலிருந்து கிளை வாய்க்கால், அங்கிருந்து தலைப்பு மதகு என்று மேலே நடந்து, தண்ணி எங்கே நின்றது என்று பார்ப்பார். கார்டுக்கும் அதேதான் வழி.

ஒன்று: மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பயாஸ் திரைக்குப் போங்கள். அங்கே விண்டோஸ் டிரைவர் இன்னும் ஏறவே இல்லை. அங்கேயே கலர் புள்ளி, கோடு எல்லாம் தெரிந்தால் அப்டேட்மேல் பழி போட முடியாது; ஹார்டுவேரைத்தான் பார்க்கணும்.

இரண்டு: சேஃப் மோடு. அங்கே மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர்தான் ஓடும். படம் சுத்தமாக வந்தால் சந்தேகம் புது டிரைவர் பக்கம் சாய்கிறது. ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவ் போட்டுப் பார்த்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும், ஏனென்றால் அங்கே டிரைவரே வேறு.

மூன்று: 'ரோல் பேக் டிரைவர்' பட்டன். அது மங்கிக் கிடந்தால் முந்தைய வெர்ஷனைக் கம்பெனி தளத்திலிருந்து இறக்கிப் போட வேண்டியதுதான். இன்றைய டிரைவர் ஃபைல் அரை ஜிபிக்கு மேல். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கிற ஊரில் இது லேசான வேலை இல்லை.

பயாஸ் திரை சுத்தமாக வந்துவிட்டால் கார்டு நூறு சதவீதம் நல்லது என்று அர்த்தமில்லை. லோடு ஏறும்போது மட்டும் படுத்துக்கொள்கிற கார்டும் உண்டு. பழைய டிரைவரில் அதே லோடைத் தாங்குகிறதா என்பதுதான் கடைசிப் பரீட்சை.

"முதல்ல டிடியூ போட்டுத் துடைச்சிடு" என்று எல்லோரும் தரும் அறிவுரையிலும் எனக்கு ஒரு வருத்தம். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் நல்ல கருவிதான். ஆனால் எடுத்த எடுப்பில் துடைத்தால் எந்த வெர்ஷன் ஏறியது, எது பாதியில் நின்றது என்ற தடயமும் சேர்ந்து போய்விடும். அது முதல் படி இல்லை, கடைசிக்கு முந்தின படி. போடும்போது நெட்டை அணைத்து வையுங்கள்; இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் டிரைவரைக் கேட்காமலே ஏற்றிவிடும்.

டிரைவரால் கார்டுக்கே ஆபத்து வராதா? வரும். 2010 மார்ச்சில் என்விடியா 196.75 டிரைவரைத் திரும்பப் பெற்றது. ஃபேன் கட்டுப்பாடு கெட்டு கார்டுகள் சூடாகின்றன என்ற புகார். அங்கேயும் வேர் சாஃப்ட்வேரில்தான். வெறும் 'சாதனக் கோளாறு' என்று படித்திருந்தால் புதுக் கார்டையும் அதே டிரைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம்.

நல்ல மெசேஜ் எழுத முடியாது என்பதில்லை. லினக்ஸில் என்விடியா டிரைவரை அப்டேட் பண்ணிவிட்டு ரீபூட் பண்ணாமல் விட்டால், என்விடியா-எஸ்எம்ஐ கமாண்ட் "டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று சொல்லும். அழகான வாக்கியம் இல்லைதான். ஆனால் யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகவில்லை என்று சரியாகச் சொல்கிறது: கெர்னலில் பழைய டிரைவர், டிஸ்க்கில் புது லைப்ரரி. பெரும்பாலும் ஒரு ரீபூட்டில் தீர்ந்துவிடும். கார்டை யாரும் திட்டுவதில்லை.

கோட் 43-ம் அதே அளவுக்கு நேர்மையாக இருக்கலாம். "கார்டு பதில் சொல்லவில்லை என்று டிரைவர் சொல்கிறது. இந்த டிரைவர் நேற்று மாற்றப்பட்டது. பழையதற்குத் திரும்பவா?" டிரைவர் மாறிய தேதி விண்டோஸிடம் ஏற்கனவே இருக்கிறது. அதைச் சொல்ல இன்னும் இரண்டு வாக்கியம் போதும். அந்த இரண்டு வாக்கியம் வரும்வரை, யாராவது "கார்டு போயிடுச்சு" என்றால் பர்ஸைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பயாஸ் திரை எப்படி வந்துச்சு?