ஐந்து மினாரா, வெவ்வேறு உயரம்

புதுவாயலில் குடியிருப்பவனுக்குக் கட்டடம் என்றால் ஷெட்தான். கொல்கத்தா நெடுஞ்சாலையின் இருபுறமும் ஷெட்டுக்குப் பின் ஷெட், நீலக் கூரை இல்லையென்றால் சாம்பல் கூரை. எதைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் குஜராத்தில் வைத்தாலும் அங்கேயே முளைத்ததுபோல நிற்கும். ஊர் வாசனை கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஊர் வாசனை உள்ள கட்டடத்தைக் கண்டால் எனக்குக் கால் நின்றுவிடும்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, கூட வேலை பார்க்கும் தம்பி போனில் ஒரு படம் காட்டினான். பச்சை ஓடு போர்த்திய பெரிய குவிமாடம், நாலு மூலையிலும் கட்டையான நாலு தூண்கோபுரம். "இதுவும் தர்காவாம் அண்ணே. நம்ம நாகூர் மாதிரியே இல்லையே!"

சீனாவின் மேற்குக் கோடியில், காஷ்கர் நகரத்துக்கு வெளியே இருக்கும் அபக் கோஜா அடக்கத்தலம் அது. சுமார் 1640இல் எழுந்தது. உய்குர் கட்டடக் கலைக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவது. ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறையினர் உள்ளே அடங்கியிருக்கிறார்கள். தம்பியிடம் அன்று சட்டென்று சொல்ல வார்த்தை வரவில்லை. அவன் வியந்த இடத்தில்தான் ரசனை ஆரம்பிக்கிறது. கபுர் என்னும் கல்லறை, அதன் மேல் போர்வை, தலைக்கு மேல் குவிமாடம்: தேவை இரண்டு ஊரிலும் ஒன்றே. அதை எழுப்பிய கொத்தனார்தான் வேறு. தர்காவுக்குப் போகிறவர் அந்தக் கொத்தனாரைத் தேடிப் போகவேண்டும் என்பது என் கட்சி. காஷ்கர் தூரம், ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கிய நாகூர் ஓர் இரவு ரயில்.

முதல் தடவை நான் கந்தூரி சமயத்தில் போனேன். ஜமாத்துல் ஆகிர் மாதம் கொடியேறிப் பதினான்கு நாள் விழா. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வரும் இரவில் என் முன்னால் நின்றவரின் முதுகைத் தவிர வேறொன்றும் பார்த்த நினைவில்லை. பக்திக்கு அது நல்ல நாள், கட்டடத்துக்கு இல்லை. வியாழன் மாலையும் வேண்டாம். அதையே வெள்ளி இரவாகக் கணக்கிட்டுக் கூட்டம் சேரும். செவ்வாய், புதன் காலையில் போங்கள்.

போனதும் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். போர்வைக் கடை பாய் ஒருவர் எனக்குச் சொன்னதையே சொல்கிறேன்: "மொதல்ல ஒரு சுத்து சுத்தி வாங்க தம்பி, ஆண்டவர் எங்கயும் போயிடமாட்டாங்க."

சுற்றும்போது மினாராக்களைப் பாருங்கள். ஐந்து இருக்கின்றன என்று எண்ணிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எண்ணிக்கையைவிட உயரங்கள்தான் சுவாரசியம். காஷ்கரில் நாலும் ஒரே அளவு; ஒரு மனம் திட்டமிட்டு ஒரே மூச்சில் கட்டியதுபோல் நிற்கும். நாகூரில் எல்லாம் ஒரே உயரம் இல்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகள் நேர்ந்துகொண்டு கட்டியவை. எல்லாவற்றிலும் பெரியது 131 அடி. கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அவர் ஆண்ட காலம் 1739 முதல் 1763 வரை. ஷாகுல் ஹமீது ஆண்டவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஓர் இந்து அரசர் செலுத்திய காணிக்கை அது.

பெரிய மினாராவை அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறிப் பாருங்கள், கண்ணால்தான். சதுர அடித்தளம், அதன் மேல் அடுக்கு, அதற்கும் மேல் சற்றுச் சுருங்கிய அடுக்கு. டில்லியில் பார்க்கும் உருண்டைத் தூண் இதில் இல்லை. தஞ்சாவூர் அரண்மனையில் மாடம் மாடமாக ஏறும் கோபுரத்தைப் பார்த்திருந்தால், 'இவன் அவன் தம்பியாச்சே' என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. கல் இல்லாத டெல்டாவில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து உயரம் போகத் தெரிந்த கைகள் இரண்டு இடத்திலும் தெரிகின்றன. காஷ்கர்க்காரர்களுக்கும் செங்கல்தான். அவர்கள் அதற்குப் பளபளக்கும் ஓட்டைப் போர்த்தினார்கள். நம்மவர்கள் வெள்ளை பூசினார்கள். கடலில் வரும் தோணிக்காரனுக்குத் தூரத்திலேயே தெரிய அதைவிட நல்ல நிறம் ஏது?

ஆண்டவரின் குருவையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். உத்தரப் பிரதேசத்து மாணிக்கப்பூரில் பிறந்த ஷாகுல் ஹமீது, குவாலியரில் முகமது கவுஸிடம் கற்றவர். குரு 1563இல் மறைந்தார். அவருடைய அடக்கத்தலத்தில் சுவரே கல் சல்லடைதான். துணியில் பூவேலை செய்வதுபோல் கல்லைத் துளைத்து வெளிச்சத்தை வடிகட்டியிருக்கிறார்கள். சீடரின் தர்காவில் அந்தச் சல்லடையைத் தேடினால் ஏமாறுவீர்கள். குருவின் போதனை தெற்கே வந்தது, குவாலியர் கல்தச்சர் வரவில்லை.

இப்போது உள்ளே போகலாம். தலையை மூடிக்கொள்ளுங்கள். எதுவரை போகலாம், படம் எடுக்கலாமா என்பதை வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிடுங்கள். காஷ்கரில் கதவைத் தாண்டினால் 17 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தின் கீழே ஒரே கூடம். ஓடு பதித்த கபுர்கள் அத்தனையும் ஒரே பார்வையில் விழும். நாகூரில் அப்படி இல்லை. வாசல் தாண்டி வாசல். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது, சாம்பிராணியும் ரோஜாவும் கொஞ்சம் கூடுகின்றன. ஆண்டவர், மகன் யூசுப், மருமகள் சுல்தான் பீவி மூவரும் அடங்கிய இடத்தை நெருங்கும்போது நடையே தானாகச் சுருங்கும். கோயிலில் கருவறையை நோக்கி நடந்து பழகிய கால்களுக்கு இது புதிதல்ல. கட்டியவர்களின் கால்களும் அப்படிப் பழகியவையாகத்தான் இருக்கவேண்டும்.

கதைகளும் கேட்கக் கிடைக்கும். ஏவல் ஏவிய புறாவின் உடம்பிலிருந்து ஊசிகளைப் பிடுங்கித் தஞ்சை நாயக்கரின் நோயை ஆண்டவர் தீர்த்தார் என்பது அவற்றில் பிரபலம். கதையைக் கேட்டுவிட்டு மேலே பாருங்கள். நேர்ந்துகொண்டு விட்ட புறாக்கள் மினாரா மாடங்களில் குடியிருக்கின்றன. கடைகளில் கை, கால், வீடு, படகு என்று அச்சடித்த வெள்ளித் தகடுகளையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்த ஊரின் கவலைகள் என்னென்ன என்று அவை பட்டியல் போட்டுக் காட்டிவிடும்.

இன்னொரு பாடம் கடல் தாண்டி இருக்கிறது. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில், நம் கடற்கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை ஒரு நாகூர் தர்கா கட்டினார்கள். உள்ளே ஆண்டவரின் கபுர் இல்லை. ஊர் நினைவுக்காக எழுப்பியது. ஜன்னலும் தூண்களும் ஐரோப்பியச் சாயல். மூலைகளில் மட்டும் அடுக்கடுக்காக ஏறும் சதுர மினாராக்கள். கப்பலேறிப் போனவர்கள் நாகூரில் எதை மறக்கவில்லை என்பது அதில் தெரிகிறது. 1974இல் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள்.

புதுவாயலிலிருந்து கிளம்புகிறவர்கள் கவரைப்பேட்டையில் மின்சார ரயில் பிடித்துச் சென்னை போய், அங்கிருந்து காரைக்கால் வண்டியில் ஏறினால் நாகூரிலேயே இறங்கிக்கொள்ளலாம். விடுப்பு கிடைக்காவிட்டால் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய், டச்சுக் கல்லறையின் வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களில் கண்ணைப் பழக்குங்கள். நாகூருக்குப் போகும்போது பையில் ஒரு பெரிய கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கும் ஆகும், அண்ணாந்து பார்த்து வேர்த்த கழுத்துக்கும் ஆகும்.