குமாரசுவாமி கண்ட நீட்சே

நூல்களைப் படியாதவர்களே ஒரு மெய்யியலாளரைப் பற்றி மிகுதியாகப் பேசும் நிலை ஏற்படுமாயின், அவருக்கு நேரக்கூடிய கேடு அதனினும் பெரிதில்லை. பிரெடரிக் நீட்சேக்கு நேர்ந்தது அதுவே. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது, ஜேர்மனியின் போர்வெறிக்கு வித்திட்டவர் நீட்சே என ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. ஜேர்மனியரோ அவருடைய சரதுஸ்திர நூலைப் போர்முனை வீரருக்கெனத் தனிப்பதிப்பாக அச்சிட்டு வழங்கினர். பழித்தவரும் போற்றியவரும் ஒரே பிழையையே செய்தனர். அக்காலத்திலே, கொழும்பிற் பிறந்த தமிழர் ஒருவரின் மகன் இவ்விரு கூட்டத்தாரிடமிருந்தும் விலகி நின்று நீட்சேயை வாசித்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1918இல் நியூயோர்க்கில் வெளிவந்த 'சிவ நடனம்' என்னும் ஆங்கில நூலின் பதினான்கு கட்டுரைகளுள் நீட்சே பற்றிய அக்கட்டுரையும் ஒன்று. நூலின் தலைப்புக் கட்டுரை பெற்ற புகழில் இது மறைந்து கிடக்கிறது.

சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராக 1877இல் பிறந்த ஆனந்தர், இரண்டு வயதிலே தந்தையை இழந்து, தாயின் நாடாகிய இங்கிலாந்தில் வளர்ந்தவர். இலண்டனிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக விளங்கினார். தோரியனைற்று என்னும் கனியத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அமைந்துள்ள அறிவியல்நகரிலே, மெய்யியல் எமக்கெதற்கு என வினவும் மாணவர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும். கல்லை ஆராயச் சென்றவரே பின்னர்க் கல்லிற் சமைந்த சிற்பத்தையும், அதன் வழியாகச் சிந்தனையையும் ஆராய்ந்தார். போர்க்காலத்திற் படைச்சேவையை மறுத்து, 1917இல் அமெரிக்கா சென்று பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியேற்றார். நீட்சே பற்றிய கட்டுரையின் பின்னணி இதுவாகும்.

நீட்சேயின் வாழ்வை விரிக்க இது இடமன்று. 1844இல் லூதரன் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இருபத்துநான்காவது வயதிலே பாசல் பல்கலைக்கழகத்திற் செம்மொழிப் பேராசிரியராகி, 1879இல் நோய் காரணமாகப் பதவி துறந்து, சிறு ஓய்வூதியத்துடன் விடுதி விடுதியாகத் திரிந்தெழுதி, 1889 தை மாதத்தில் ரூறின் நகரிலே சித்தங் கலங்கி, 1900இல் மறைந்தார் என்பது போதும். எனினும் அவர் தங்கை எலிசபெத்தின் செயலைக் கூறாது விடல் இயலாது. யூத வெறுப்பாளர் ஒருவரை மணந்து, பராகுவேயிலே 'தூய' ஜேர்மன் குடியேற்றம் ஒன்றை நிறுவச் சென்று தோல்வியுற்று மீண்ட அவ்வம்மையார், அண்ணனின் குறிப்புகளைத் தெரிந்தெடுத்துத் தொகுத்து 1901இலும் விரிவாக 1906இலும் 'வல்லமைக்கான வேட்கை' என ஒரு நூலாக்கினார். நீட்சே முடித்து வெளியிட்ட நூலன்று அது. யூத வெறுப்பையும் ஜேர்மன் தேசியப் பெருமையையும் அண்ணன் இகழ்ந்தெழுதியிருக்க, தங்கையின் இறுதிச் சடங்கிலே 1935இல் ஹிட்லர் கலந்துகொண்டார். கோலி, மொன்ரினாரி என்னும் இத்தாலியர் இருவர் கையெழுத்துப்படிகளை முறையாகப் பதிப்பிக்கத் தொடங்கியது 1967இலேதான். குமாரசுவாமி எழுதிய காலத்தில் இவ்வசதிகள் எவையும் இல்லை. அவ்வாறிருந்தும் நீட்சே போர்வெறியரல்லர் என அவர் துணிந்தமை அவருடைய வாசிப்பின் கூர்மையைக் காட்டுகிறது.

அவரது வாதம் எளிமையானது. நன்மை தீமைக்கு அப்பால் நிற்கும் மீமனிதன் உலகுக்குப் புதியவனல்லன்; அருகன், புத்தன், போதிசத்துவன், எல்லாவற்றுக்கும் மேலாகச் சீவன்முத்தன் என இந்திய மரபு பல பெயரிட்டு அழைத்தவன் அவனே. வல்லமைக்கான வேட்கையை, பிறரை ஆளும் வேட்கையென மயங்கலாகாது. அது இன்பதுன்ப இருமைகளாற் சலியாது தன்னைத் தான் ஆளும் வேட்கையாகும். கொடுங்கோலனின் ஆட்சிக்கு மட்டுமன்றிப் பெரும்பான்மையின் ஆட்சிக்கும் அது எதிரானது. இவ்வாறு கூறி, நீட்சேயைப் பிளேக்கு, விற்மன் ஆகிய கவிஞரோடு ஒரு வரிசையிலே நிறுத்துகிறார் குமாரசுவாமி.

இடம்பெயர்ந்து வந்தோரைப் பல தடவை தாங்கியதும், 2009 வரை போரைக் கண்டதுமாகிய இந்நிலத்திலே 'வல்லமை' என்பதை வகுப்பறைச் சொல்லாக மட்டும் கேட்க முடியாது. ஆகையால் அச்சொல்லைத் தன்னடக்கத்தின் பக்கந் திருப்பும் இவ்விளக்கம் எமக்கு உவப்பானதே. ஆயினும் உவப்பானது என்பதால் அது சரியாகிவிடாது. 'நன்மை தீமைக்கு அப்பால்' என்னும் 1886ஆம் ஆண்டு நூலின் 259ஆம் பகுதியைப் படிப்போர், உயிர்வாழ்தலின் இயல்பே மெலியதை வென்று தன்வயமாக்குதல் என நீட்சே ஒளிவின்றி எழுதியிருத்தலைக் காண்பர். தன்னை ஆளுதலும் நீட்சேயில் உண்டு, பிறிதை ஆளுதலும் உண்டு. குமாரசுவாமி முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சீவன்முத்தனோடு செய்த ஒப்பீடும் ஓரெல்லைக்கு மேற் செல்லாது. சைவ சித்தாந்தத்திலே முத்தன், ஆணவத்தின் வலி அடங்கியவன். சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம் இறைவனோடு ஒன்றி அவன் பணியில் நிற்றலைக் கூறுகிறது. செயல் அங்கே முத்தனுடையதன்று. கடவுள் இறந்துபட்டார் என 1882இல் எழுதிய நீட்சேயின் மீமனிதனுக்கு நிற்பதற்கு அப்படியொரு பணியில்லை. அவனுடைய மதிப்புகளை அவனே ஆக்கவேண்டும். ஒருவன் 'யான்' என்பதைக் கரைத்து விடுதலை பெறுகிறான், மற்றவன் அதனை உரமாக்கி விடுதலை பெறுகிறான். இதில் வியப்பு யாதெனில், அதே நூலின் தலைப்புக் கட்டுரையிலே உண்மை விளக்கத்தையும் திருமந்திரத்தையும் துணைக்கொண்டு, கூத்தனின் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனுக்கு விளக்கம் தந்தவரும் குமாரசுவாமியே. சரதுஸ்திரன் ஆடலைப் புகழ்வதைக் கொண்டு அவனை நடராசரோடு இணைத்துப் பேசுவோரும் உளர். அது மேற்பூச்சான ஒப்பீடு. முயலகன் இல்லாத ஆடல் அது.

இவை மெய்யியல் நுணுக்கங்கள். இவற்றினும் பாரதூரமான ஒன்று உண்டு. 1888இல் நீட்சே, பிரெஞ்சிந்தியாவில் நீதிபதியாகவிருந்த ஜக்கோலியோ என்பவரின் நம்பத்தகாத மொழிபெயர்ப்பு வழியாக மனுதருமத்தைப் படித்தார். அவ்வாண்டு எழுதிய 'கிறித்துவின் எதிரி' நூலில் மனுவை விவிலியத்தினும் உயர்ந்ததாகப் போற்றி, சாதியடுக்கு இயற்கையின் ஒழுங்கே எனவுங் கூறினார். இங்கேதான் அண்ணல் அம்பேத்காரை நாம் அழைக்கவேண்டியுள்ளது. அவருடைய 'இந்துமத மெய்யியல்' என்னும் ஆய்வு, மறைவுக்குப் பின்னர் 1987இல் மகாராட்டிர அரசின் தொகுப்பில் வெளிவந்தது. மீமனிதனுக்குக் குமாரசுவாமி கண்ட மூதாதை சீவன்முத்தன். அம்பேத்கார் கண்ட மூதாதை மனு. எனினும் அவர் நீட்சேக்கு அநீதி செய்யவில்லை. நீட்சேயின் மீமனிதன் தகுதியால் உயர்பவன், மனுவின் மேலோனோ பிறப்பால் உயர்ந்தவன். ஆதலின் மனுவே கொடியவன் என வேறுபடுத்துகிறார். ஒப்புமை காண்பதற்குப் புலமை போதும், இவ்வேற்றுமையைக் காண்பதற்கு அடுக்கின் அடியிலிருந்து பார்த்த கண் வேண்டியிருந்தது. குமாரசுவாமிக்கு இது ஓர் இடர்ப்பாடாகத் தோன்றாமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இந்தியச் சமூக அமைப்பின் சமய அடிப்படை பற்றி 1946இல் எழுதியபோதும் வருணமுறையை அவர் ஆதரித்தே எழுதினார்.

எமது மாணவர் மன்றங்களில் நீட்சேயைப் பற்றிப் பேசுவோர் குமாரசுவாமியை முதலிற் படிக்கட்டும், அடுத்த கிழமை அம்பேத்காரைப் படிக்கட்டும். அதன்பின், மனிதரைத் 'திருத்துவோர்' பற்றி 'சிலைகளின் அந்தி'யில் உள்ள அத்தியாயத்துக்குச் செல்லட்டும். அங்கே நீட்சே மனுவைப் போற்றுபவராக மட்டுமில்லை; சண்டாளருக்கு விதிக்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அவ்வொழுங்கு எத்துணை அச்சந்தருவதாக இருக்கவேண்டியிருந்தது எனவும் எழுதுகிறார். ஆற்றிலும் ஊற்றிலும் குளத்திலும் அவர்கள் நீரெடுக்கலாகாது, சதுப்பின் ஓரத்திலும் விலங்கின் காலடிக் குழியிலும் தேங்கியதையே எடுக்கலாம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. கிணற்றில் அள்ள உரிமையின்றிப் பிறர் ஊற்றும் தண்ணீருக்குக் காத்து நின்றோர் குடாநாட்டில் இருந்தனர், கே. டானியலின் 'தண்ணீர்' நாவலுக்குப் பொருள் அதுவே. இரணைமடுவின் வாய்க்கால் நீரை நம்பிக் குடாநாட்டிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து கிளிநொச்சியிற் காடு வெட்டியோர் பலர் நிலமில்லாதவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று இவ்வளாகத்திலே அந்த அத்தியாயத்தைப் படிக்க இருக்கிறார்கள்.